இணைப்பில் ஒரு தும்மல்

ஏசிக் காற்று நேராகத் தலையில் இறங்கும் நாற்காலிதான் கடைசியாகச் சேர்ந்தவளுக்குக் கிடைக்கும். காலையிலிருந்து அவளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் வேலை பார்த்தது ஒரு அழைப்பு மையத்தில். வீட்டில் வைத்துக்கொள்ளும் சுவாசக் கருவி மக்கர் செய்தால் மக்கள் அழைக்கும் எண் அதனுடையது. முதலில் இயந்திரக் குரல் பேசும். அதற்குப் பிடிபடாததை மட்டும் அவளிடம் தள்ளிவிடும். திரையில் வருவதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினால் அவள் பெயருக்கு எதிரே சிவப்புக் குறி விழும். இந்த மாதம் இரண்டு விழுந்தாயிற்று. இன்னொன்று விழுந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேற்பார்வையாளர் காலையில்தான் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"வணக்கம். கருவியை அணைத்து, மீண்டும் இயக்கவும்" என்று படித்தாள்.

மறுமுனையில் கருவி வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. யாரோ பதில் பேசாமல் எண்களையே அழுத்தினார்கள்.

"உங்கள் பிரச்சினையைக் கூறவும்."

"எத்தனை தடவைதான் கூறறது, பாழாப்போன மெஷினே!" என்றாள் ஒரு பெண். "என் வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்குது. யாராவது மனுஷங்ககிட்ட குடேன்!"

"நான்..." என்று ஆரம்பித்தவளுக்குத் தும்மல் முட்டிக்கொண்டு வந்தது. அடக்க முடியவில்லை.

"நூறு" என்றாள் அந்தப் பெண், தும்மினால் ஆயுசு வாழ்த்தும் பழக்கதோஷத்தில். உடனே குரல் உடைந்தது. "அடியே, நீ மனுஷியா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். "ஆமாக்கா. பதறாதீங்க. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லியாச்சு, இன்னும் வரல."

"சரி, காலையில நல்லாத்தானே ஓடிச்சு? அப்புறம் அந்த ரூம்ல என்ன பண்ணீங்க?"

"என்னத்த பண்ணேன்... பெருக்கினேன். கட்டிலை இழுத்துப் போட்டேன்."

"குழாயைத் தடவிக்கிட்டே போங்க. கட்டில் காலுக்கு அடியில பாருங்க."

"ஐயோ, ஆமாடி! நசுங்கிக் கிடக்கு!"

கட்டில் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. கருவியின் கத்தல் நின்றது. ஒரு ஆணின் இரைச்சலான மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது.

"யாரு அது?" என்று கேட்டார் அவர்.

"ஒரு புண்ணியவதி. ஜலதோஷக்காரி."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த நாற்காலியில் தன்னை உட்கார வைத்த நேரத்துக்கு அன்றுதான் அவள் மனதார நன்றி சொன்னாள்.

"சுடுதண்ணி குடி கண்ணு" என்றாள் அந்தப் பெண். "நீ நல்லா இருப்பே. உன் வேலைக்கு ஒரு குறையும் வராது."

திரையின் ஓரத்தில் மூன்றாவது சிவப்பு விழுந்திருந்தது. "வச்சிடட்டுமாக்கா?" என்று அவள் கேட்பதற்குள் இயந்திரக் குரல் நடுவில் புகுந்தது. "எங்கள் தானியங்கிச் சேவை உங்களுக்குத் திருப்தி அளித்ததா? ஒன்று முதல் ஐந்துக்குள் அழுத்தவும்."

"அந்தப் பொண்ணுக்குத்தானே? அஞ்சு!"

சுவரிலிருந்த பெரிய திரையில், தானியங்கிச் சேவைக்கு எதிரே ஐந்து நட்சத்திரங்கள் எரிந்தன. யாரோ கைதட்டினார்கள். மேற்பார்வையாளரும் தட்டினார். தட்டிய கையோடு அவள் மேசைக்கு வந்து, காதுக்கருவியைக் கழற்றித் தரச் சொல்லிக் கையை நீட்டினார்.

ஒரு தடவை போதாதென்று மறுமுனையில் அந்தப் பெண் இன்னும் ஐந்தை அழுத்தும் சத்தம் அதில் கேட்டுக்கொண்டிருந்தது.