முப்பத்தெட்டு டிகிரி

புதிய ஷவரின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைப் பிளம்பர் நகத்தால் கிள்ளி உரித்துக்கொண்டிருந்தபோது, மாமனார் வேன் சாவியை விரலில் சுழற்றியபடி குளியலறை வாசலில் வந்து நின்றார். அவருடைய வலது காலில் செருப்பு இல்லை. வரும் வழியில் எங்கோ கழன்றிருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை. மருமகள் கூடத்துக்குப் போய், சோபாவுக்குப் பக்கத்தில் அநாதையாகக் கிடந்த செருப்பை எடுத்து வந்து, கீழே விழுந்த துணியை எடுப்பவள்போலக் குனிந்து அவர் காலருகே வைத்தாள். அவரும் கண்ணால் பார்த்துப் பார்த்துக் காலை அதற்குள் நுழைத்துக்கொண்டார். இந்த நாடகத்தில் இருவருக்கும் நல்ல ஒத்திகை ஆகியிருந்தது.

சில மாதங்களுக்கு முன்பு, குளித்துவிட்டு வந்தவரின் பாதத்தில் கொப்புளம் பார்த்தாள். ஷூ கடித்துவிட்டது என்றார். ஷூ கடித்தால் பாதம் முழுக்கவா கொப்பளிக்கும்? அவள் விடாமல் நச்சரித்ததும்தான் உண்மை வெளியே வந்தது. “ரெண்டு பாதமும் மரத்துப்போச்சும்மா. சர்க்கரை பண்ற வேலை. சூடு, முள்ளு, எதுவும் தெரியல.” சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். “அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத. வண்டியப் புடுங்கிடுவான்.”

வண்டி என்றால் பள்ளிக்கூட வேன். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றபின் வாங்கியது. காலையும் மாலையும் அதில் எத்தனையோ பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு போகிறார்கள். முன்சீட்டில், தாத்தா பக்கத்தில், இவளுடைய மகள். அன்றைக்கே கணவனிடம் போட்டு உடைத்திருக்க வேண்டும். அவள் உடைக்கவில்லை. பிள்ளை பிறந்தபின் அவள் வேலைக்குப் போகக் கூடாது என்று வீடே ஒன்றுகூடியபோது, “பேத்திய நான் பாத்துக்கறேன், அவ போகட்டும்” என்று ஒற்றை ஆளாக நின்றவர் அவர். அந்த மனிதரிடமிருந்து வண்டியைப் பிடுங்கும் கை தன்னுடையதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள். ஒரே ஒரு தடவை கேட்டாள்: “பிரேக் மிதிக்கறது எப்படி மாமா தெரியும்?”

“பாதம் சொல்லாட்டி என்ன, முட்டி சொல்லும்மா. எத்தன வருஷத்துப் பழக்கம்!”

நம்பினாள். நம்பாவிட்டால் ராத்திரி தூக்கம் வராது என்பதால் நம்பினாள். நம்பியும் வரவில்லை என்பது வேறு விஷயம். தினமும் வேன் திரும்பி வரும் சத்தம் கேட்கும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

இந்த ஷவரும் அப்படி வந்ததுதான். கடைக்காரன் மழை மாதிரி கொட்டும் ஷவர் தலையையும், கருப்பும் தங்கமுமான குமிழ்களையும் காட்டி அளந்துகொண்டே போனான். அவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: குமிழை முப்பத்தெட்டு டிகிரியில் வைத்துவிட்டால் தண்ணீர் அதற்கு மேல் சூடாகாது. அந்த இடத்திலேயே வாங்கிவிட்டாள். “என்னடி, அரண்மனையா கட்டற?” என்று கணவன் கேலி செய்தான். ஆடம்பரக்காரி என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை, காரணம் கேட்காமல் விட்டானே என்று இருந்தது. குளியலறைக்கு இப்படியொரு குமிழ் கிடைத்துவிட்டது. பிரேக்குக்கு எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதை மட்டும் அவள் யோசிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

பிளம்பர் கெட்டிக்காரர். பழைய இரண்டு குழாய்களையும் கழற்றி, சுவருக்குள்ளிருந்து வரும் இரண்டு லைன்களையும் தண்ணீர் கலக்கும் புதிய பெட்டியில் கச்சிதமாகப் பூட்டியிருந்தார். வெந்நீர் இடப்பக்கம், பச்சைத் தண்ணீர் வலப்பக்கம். ஊரெல்லாம் அப்படித்தான். இந்த வீட்டில் மட்டும், கட்டியவன் செய்த குளறுபடியில், வெந்நீர் வலப்பக்கக் குழாயில் வந்துகொண்டிருந்தது. அதில் இருந்த சிவப்புப் பொட்டு என்றோ உதிர்ந்துபோனது. வீட்டில் எல்லோருடைய கைக்கும் அது பழக்கம், யாருடைய வாய்க்கும் வந்ததில்லை. பிளம்பர் கேட்கவில்லை, இவர்கள் சொல்லவில்லை. ஹீட்டர் அணைந்திருந்தபோது சோதித்ததில் எல்லாம் சரியாகவே இருந்தது.

இதற்காகவே லீவு போட்டிருந்த கணவன் ஹீட்டரைப் போட்டு, தண்ணீர் காய்ந்ததும் படம் பிடிக்கச் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். “அப்பா, வாங்க. உங்க கையாலதான் திறப்பு விழா.”

“எனக்கெதுக்குடா இதெல்லாம்? ஸ்கூல் விடற நேரமாச்சு” என்றார். ஆனாலும் முகத்தில் ஒரு மலர்ச்சி. யாருக்காக வாங்கியது என்று அவருக்குத் தெரியும். சாவியை மருமகள் கையில் கொடுத்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உள்ளே போனார்.

“தலைக்கு வேணாம் ஐயா, துணி நனைஞ்சிடும்” என்று பிளம்பர் கைஷவரைத் தரையைப் பார்க்கத் தொங்கவிட்டார். “முப்பத்தெட்டுல வெச்சிருக்கேன். தைரியமாத் திறங்க.”

திறந்தார். தண்ணீர் பூவாகச் சிதறி அவர் பாதங்களில் விழுந்தது. கணவன் ஒரு கையால் தொடையைத் தட்டிக் கைதட்டுவதுபோலச் சத்தம் எழுப்பினான். எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடித் தடுப்பின் கீழ்ப்பகுதி மங்கியது. மங்கல் மெல்ல மேலே ஏறியது. அவள் ஓரடி முன்னே வந்தாள். இவ்வளவு ஆவியா?

“எப்படிப்பா இருக்கு?”

மாமனார் மருமகளைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். “இதமா இருக்குடா. நல்ல இதமான சூடு.”

“மாமா, வெளிய வாங்க!” என்று அவள் கத்தியதும், பிளம்பர் குமிழை மூடக் கையை நீட்டியதும் ஒன்றாக நடந்தன. தண்ணீர் பட்டதும் பிளம்பர் அலறிக் கையை இழுத்துக்கொண்டார். “ஐயோ, கொதிக்குது சார்!”

மாமனார் இன்னும் சிரித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

கணவன்தான் அவரை வெளியே இழுத்து உட்காரவைத்தான். பக்கெட்டுத் தண்ணீரை மொண்டு மொண்டு கால்களில் ஊற்றினான். பாதங்கள் இரண்டும் தக்காளியாகச் சிவந்திருந்தன. லைன் மாறிக் கிடக்கிறது, பச்சைத் தண்ணீர் என்று நினைத்துக் குமிழ் வெந்நீரைத் திறந்துவிட்டிருக்கிறது, எந்தப் பக்கம் வெந்நீர் என்று கேட்காமல் விட்டது தன் தப்பு என்று பிளம்பர் புலம்பிக்கொண்டிருந்தார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

“சுடலையாப்பா?”

அவர் மகனைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார். அந்தப் பார்வை போன வழியிலேயே கணவனுடைய பார்வையும் வந்து அவள்மேல் நின்றது.

“உனக்குத் தெரியும்” என்றான். அவன் கத்தியிருந்தால் தேவலை. “நம்ம பாப்பா அந்த வண்டியிலதான போறா?”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதற்கும் அடியில், இனி தனியாகச் சுமக்க வேண்டியதில்லை என்று ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது. அந்த நிம்மதிதான் அவளை அதிகம் கூச வைத்தது.

“அவள ஏன்டா மெரட்டற? நான்தான் சொல்லாதன்னேன்” என்று மாமனார் எழுந்தார். சுருட்டிய பேண்டை இறக்கிவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர்போல விடுவிடுவென்று கூடத்தைத் தாண்டி வாசலுக்குப் போனார். இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். வேனின் கதவருகே திரும்பி நின்று அவளிடம் கையை நீட்டினார்.

“சாவியக் குடும்மா. பிள்ளைங்க வெயில்ல நிக்கும்.”

“என்கிட்ட குடு” என்று பக்கத்திலிருந்து கணவனும் கையை நீட்டினான்.

அவள் மூடிய கைக்குள் சாவியின் பற்கள் அழுத்தி வலித்தன. அவருடைய முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கீழே பார்த்தாள். வெயிலில் காய்ந்த சிமெண்ட் தரையில் அவருடைய இடது கால் செருப்போடு இருந்தது. சிவந்த வலது கால் வெறுமனே ஊன்றியிருந்தது. செருப்பு பின்னால், வாசற்படியில், கவிழ்ந்து கிடந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த முறை அவள் அதை எடுக்கப் போகவில்லை.