சாவியை எடுத்த பிறகும்

புனலைப் பிடித்துக்கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. கரண்டு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண் ஒரு கையில் புனலும் மறு கையில் கேனுமாக, முழங்காலை முட்டுக்கொடுத்து வண்டிக்குள் பெட்ரோலை ஊற்றினாள். முக்கால்வாசி உள்ளே போனது, மீதி செருப்பில் வழிந்தது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எட்டுப் பத்துப் பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாலு நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டால் ஒருவராவது வந்திருப்பார். அவள் கூப்பிடவில்லை.

"ஏம்மா, ஸ்டார்ட் பண்ணாம தள்ளியே வெளிய எடுத்துடலாமே?" என்றார் பக்கத்துக் கடைத் தையற்காரர். பத்தடி தள்ளி நின்றுதான் சொன்னார்.

"தாராளமா. வாங்க, ஒரு கை கொடுங்க."

தையற்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பைச் சரிசெய்துகொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

வண்டியை எடுத்தே ஆக வேண்டும். ஷெட்டைத் தாண்டித்தான் வீட்டுக் கூடத்துக்கு வழி. கூடத்தில் அவள் அண்ணனின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். நாலு மணிக்கு அவரை எடுத்துப்போக வேன் வரும். அது உள்ளே வர வேண்டுமானால் துரை வெளியே போக வேண்டும்.

துரை என்றால் இந்த வண்டிதான். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையில்லாத, அறுபது வயசான பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். காயலான் கடையிலிருந்து அதை இழுத்துக்கொண்டு வந்த அன்றே அண்ணன் அப்படிப் பெயர் வைத்துவிட்டார். "உக்காந்தா எந்திரிக்க மாட்டாரு, எந்திரிச்சா நடக்க மாட்டாரு, ஆனா மினுக்கு மட்டும் கொறையல. துரையேதான்" என்றார். தங்கைக்குக் கரண்டு என்று பெயர் வைத்ததும் அவர்தான். இருபது வருஷமாக ஒரே பட்டறை. எஞ்சின் அண்ணனுடையது, வயர் தங்கையுடையது. ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைப்பதில்லை.

துரையின் உடம்பில் மின்சாரம் தலைகீழாக ஓடியது. எல்லா வண்டியிலும் பேட்டரியின் மைனஸை பாடியில் கட்டுவார்கள், இதில் பிளஸ்ஸைக் கட்டியிருந்தார்கள். போன மாதம் இரண்டு பேருமாக அதை மாற்றினார்கள். பேட்டரியை சார்ஜ் செய்யப் பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கப் பாயிண்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் பெட்டி. வயரிங் முழுக்க அவள் கைவேலை.

"அறுபது வருஷமா ஒரு பக்கமா ஓடின ரத்தத்த மறுபக்கமா ஓட விட்டீங்க" என்று தையற்காரர் நேற்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "அதுக்குப் புடிக்கல."

அவர் அப்படிப் பேசுவதற்கும் காரணம் இருந்தது. நேற்று மதியம் ஒரு மணிக்கு, சாப்பிடக் கூப்பிடலாம் என்று அண்ணி சமையலறைப் பக்கக் கதவைத் திறந்தபோது ஷெட் முழுக்கப் புகை. ஷட்டர் இறங்கியிருந்தது. ஓடுகிற வண்டியில் ஸ்டியரிங்குக்கு முன்னால் அண்ணன் உட்கார்ந்திருந்தார், கண் மூடி. அண்ணி போட்ட சத்தத்தில் தையற்காரர் ஓடிவந்தார், ஷட்டரைத் தூக்கினார், எஞ்சினை நிறுத்தக் கையைக் கொண்டுபோனார். சாவி இல்லை. சாவித்துளை காலியாக இருந்தது. அண்ணனை வெளியே இழுத்துப் போட்டு முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் வண்டி உள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் இருமிவிட்டு நின்றது. சாவி ஆஸ்பத்திரியில் அண்ணனின் சட்டைப் பையில் கிடைத்தது.

இதில் கரண்டுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. நேற்றுக் காலை பத்து நாற்பதுக்கு, வெளி வேலைக்குப் போயிருந்த அவளுக்கு அண்ணன் போன் செய்திருந்தார்.

"துரை நிக்க மாட்டேங்குறாரு. சாவிய எடுத்துப் பாக்கெட்ல போட்டுட்டேன், இன்னும் ஓடறாரு."

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவள் மறுபடி ஸ்டார்ட் செய்து சாவியைத் திருப்பியதும் துரை சமர்த்தாக நின்றது, டாக்டர் வீட்டு வாசலில் நின்றுபோகிற பல்வலி மாதிரி. அதனால் நேற்று அவள் சிரித்தாள்.

"நான் வர்றதுக்குள்ள கியரப் போட்டு நிறுத்திடுவ, அப்புறம் எங்கிட்ட கத விடுவ. இந்தத் தடவ எதையும் தொடாத. அப்படியே ஓடட்டும். கண்ணால பாத்தாதான் நம்புவேன். பதினோரு மணிக்கு வந்துடறேன்."

"வா, வா. வந்து பாத்துட்டுப் பேசு" என்று அண்ணனும் சிரித்தார்.

வயர் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சொல்வதுதான். கோளாறு கண்ணில் படும்போது கலைக்கக் கூடாது, கலைத்தால் ஓடி ஒளிந்துகொள்ளும். அதைத்தான் அவளும் சொன்னாள். பிறகு ஒரு லாரியின் ஹெட்லைட்டை முடித்தாள். டீ குடித்தாள். மழை பிடித்துக்கொண்டது, விடட்டும் என்று இரண்டாவது டீயும் குடித்தாள். அவள் வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை, வாசலில் கூட்டம்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பயம், வேறொன்றுமில்லை. சொல்லிவிட்டால் அண்ணியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம்.

ஆனால் இப்போது உள்ளே ஒரு போலீஸ்காரர் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். "ஷட்டர எறக்கிட்டு, கதவச் சாத்திக்கிட்டு, ஓடற வண்டியில உக்காந்திருக்காரு. தற்கொலதான், இதுல கேக்க என்ன இருக்கு? வீட்டுக்காரம்மா ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது." சாவியைப் பற்றித் தையற்காரர் கேட்டதற்கு, "அத நான் எழுதல. எழுதினா எனக்கே மேலேர்ந்து கேள்வி வரும்" என்றுவிட்டார்.

அண்ணி நேற்றிலிருந்து ஒரு சொட்டு அழவில்லை. கூடத்துக்கு முதுகைக் காட்டிச் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். "என்ன விட்டுட்டுப் போகணும்னு எத்தன நாளா நெனச்சிட்டு இருந்தாரோ" என்று காலையில் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.  அப்போதும் கரண்டு போனைப் பற்றிச் சொல்லவில்லை.

கேனை மூடி ஓரமாக வைத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த உறையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டாள். துரை ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. நாற்காலிக்காரர்களின் பேச்சு நின்றது. மெல்லப் பின்னால் எடுத்து, வாசலில் வேப்ப மரத்தடியில் நிறுத்தினாள். சாவியைத் திருப்பினாள்.

எஞ்சின் நின்றுவிட்டது.

 அப்படியானால்? போனில் சொன்னது விளையாட்டா? நிறுத்த முடிகிற வண்டியை நிறுத்தாமல்தான் அண்ணன் உட்கார்ந்திருந்தாரா? காலியாகிவிட்ட ஷெட்டைப் பார்த்தாள். கொல்லைப் பக்கத்துப் பின்கதவு சாத்தியிருந்தது. அதற்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல் தரையில் ஒரு முழம் கோடு இழுத்துக்கொண்டு போய் மூலையில் கிடந்தது. காற்று தள்ளியிருக்கிறது. டாஷ்போர்டுக்கு அடியில் அவள் பாதியில் விட்டுப்போன வயர்கள் தொங்கின. சாரல் படாமல் அவற்றின்மேல் அண்ணனின் பழைய சட்டைத் துணி ஒன்று சுற்றியிருந்தது. ஷட்டரையும் அதற்காகத்தான் இறக்கியிருப்பார்.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். "என்னம்மா பண்ற?" என்று யாரோ கேட்டார்கள். எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. சீட்டில் அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்திருந்த பள்ளத்தில் அவள் பொருந்தவில்லை, ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தாள். யாரோ பக்கத்தில் உட்கார்ந்து அவளை இடிப்பது போலிருந்தது. பக்கத்துச் சீட்டைப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

சாவியைத் திருப்பி வெளியே எடுத்தாள்.

எஞ்சின் ஒரு நொடி தணிந்தது, யோசிக்கிற மாதிரி. பிறகு ஓடியது. டாஷ்போர்டில் பேட்டரி சார்ஜ் லைட் அணையவில்லை. மங்கலாக, சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. ஆக்சிலேட்டரிலிருந்து காலைக்கூட எடுத்துவிட்டாள். ஓடியது. ஸ்டியரிங் தானாக உள்ளங்கையில் நடுங்கியது.

நாற்காலிகள் உராய்கிற சத்தம். இரண்டு பேர் எழுந்து தெருவுக்கே போய்விட்டார்கள். "நான் சொல்லல? நான் சொல்லல?" என்றார் தையற்காரர். 

பேய் இல்லை. எப்படி என்று அவளுக்கு அந்த விளக்கைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சூடேறி வேகமெடுத்த பிறகு, ஆல்டர்னேட்டரின் மின்சாரம் அந்த லைட் வழியாகவே பின்பக்கம் நுழைந்து எலக்ட்ரானிக் பெட்டிக்குத் தீனி போடுகிறது. பழைய பாயிண்ட்டுக்கு அது போதாது, புதுப் பெட்டிக்குப் போதும். நடுவில், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற, விரல் நகம் அளவுக்கு ஒரு டயோடு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பேயாக இருந்திருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வண்டியை ஓடவிட்டுவிட்டு இறங்கி உள்ளே போனாள். அண்ணி பேனாவைக் கையில் வாங்கியிருந்தாள்.

"அண்ணி, போடாதீங்க."

போலீஸ்காரர் நிமிர்ந்தார். கரண்டு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

"சாவி இங்க இருக்கு. வெளிய சத்தம் கேக்குதா?"

கேட்டது. கூடத்துக் கண்ணாடி ஜன்னல்கூட லேசாக அதிர்ந்தது. போலீஸ்காரர் சாவியைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், நாற்காலியை ஓரடி பின்னால் இழுத்துக்கொண்டார்.

"நேத்து எனக்குப் போன் பண்ணாரு அண்ணி. நிக்க மாட்டேங்குதுன்னாரு. நான் நம்பல. தொடாத, அப்படியே ஓடட்டும், வந்து என் கண்ணால பாக்கறேன்னு சொன்னேன். வயர் நனையக் கூடாதுன்னு ஷட்டர எறக்கியிருக்காரு. பின்கதவத் தொறந்துதான் வச்சிருந்தாரு, காத்துல சாத்திக்கிச்சு." சாவியை மூடிக்கொண்டாள். "அவரு போகணும்னு போகல. எனக்காக உக்காந்திருந்தாரு. நான்தான்... வயரும் என் வேலதான், அண்ணி. தப்பு என் வேலையிலதான்."

அண்ணி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"எத்தன மணிக்கு வரேன்னு சொன்ன?"

"பதினொண்ணு."

"வந்தது?"

"ஒன்றர."

அண்ணி தலையை ஆட்டினாள். பேனாவைக் காகிதத்தின்மேல் வைத்தாள். சுவரைப் பிடித்து எழுந்து, கரண்டைத் தாண்டிக்கொண்டு கூடத்துக்குள் போனாள். அண்ணனின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். முகத்தை நன்றாகப் பார்த்தாள். பிறகு தோளைத் தொட்டு, தினமும் எழுப்புகிற குரலில் சொன்னாள்:

"ஏங்க. எந்திரிங்க. அவ வந்துட்டா."

வாசலில் துரை ஓடிக்கொண்டே இருந்தது. கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் நின்றுவிடும். போய் நிறுத்த யாரும் எழுந்திருக்கவில்லை. கரண்டு சாவியை மூடிப் பிடித்தபடி அண்ணனின் கால்மாட்டில் நின்றாள்.