ஏழாம் சுரங்கத்து இருட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன் என்று, அந்தப் பழைய கணினி விளையாட்டை எழுதிய எஞ்சினியர் சொன்னதிலிருந்து அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் தையல் கடைக்கு லீவு விட்டுவிட்டு, தங்கையின் அறையைக் கூட்டித் துடைத்து, கணினி மேசைக்கு அடியில் கிடந்த வயர்களை இழுத்து ஒதுக்க ஆரம்பித்தாள்.

"வயர்ல கை வைக்காதக்கா. எது எங்க கிடக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள் சின்னவள்.

"உனக்குத் தெரியும்டி. வர்ற மனுஷன் இதுல கால் தடுக்கி விழுந்து வெச்சா, கையெழுத்தை யாரு போடறது?"

அந்தக் கையெழுத்துதான் விஷயமே. சின்னவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதனால் என்ன? ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் அவளுடைய கணினி வாய்விட்டுப் படிக்கும். அது படிக்கிற வேகத்தில் மற்றவர் காதுக்கு வண்டு பறக்கிற சத்தம்தான் கேட்கும், அவளுக்கோ அட்சரம் பிசகாமல் விளங்கும். ஆனால் விளையாட்டு என்று வந்துவிட்டால் கதையே வேறு. இன்றைக்கு வருகிற விளையாட்டெல்லாம் படம், ஓட்டம், வெடி. அவளுக்கு அதில் என்ன இருக்கிறது, மண்ணாங்கட்டி.

சின்ன வயதில் அக்காவும் அவளும் ஆடிய "ஏழாம் சுரங்கம்" அப்படிப்பட்டதல்ல. அதில் படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். மலையடிவாரத்தில், ஒரு சுரங்கத்துக்கு வெளியே நீ நிற்கிறாய் என்று தொடங்கும். எந்த அறையில் நிற்கிறாய், பக்கத்தில் என்ன கிடக்கிறது என்று சொல்லும். "கயிற்றை எடு", "வடக்கே போ" என்று தட்டினால் அப்படியே செய்யும். எஞ்சினியர் இளவயதில், குடிநீர் இலாகாவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எழுதியது. அந்தக் காலத்துக் கணினிக்குப் பேச வராது. மாமாவின் டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து அக்கா படிக்க, சின்னவள் சொல்ல, அக்காவே தட்டுவாள். சலிப்பு வந்தால் பாதி வரியை முழுங்கிவிடுவாள் அந்த மகராசி. இரண்டு பேரும் ஒருநாளும் கடைசி வாசலைப் பார்த்ததில்லை. பாதி வழியில் கைவிளக்கு அணைந்துபோகும், அதோடு ஆட்டம் குளோஸ்.

புதுக் கணினிகள் வந்ததும் அந்த ஆட்டம் எதிலும் ஓடாமல் போயிற்று. சின்னவள் விடவில்லை. எஞ்சினியர் எங்கே இருக்கிறார் என்று தேடிப் பிடித்து, போன் மேல் போன் போட்டு, பழைய டிஸ்குகளை வாங்கிவிட்டாள். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஓட வைம்மா, சந்தோஷம். ஆனா ஒரு எழுத்து மாறக்கூடாது. நான் உக்காந்து ஆடிப் பார்த்து, சரின்னு கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய விடணும்."

"சரி சார்" என்று மண்டையை ஆட்டிவிட்டாள். அப்போது அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவளைப் போலவே காதால் விளையாடக் காத்திருக்கிறவர்கள் ஏகப்பட்ட பேர். எப்போ வரும், எப்போ வரும் என்று தினமும் நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை லேசுப்பட்டதாக இல்லை. கணினியில் தமிழே இல்லாத காலத்தில் எஞ்சினியர் ஒவ்வொரு எழுத்தையும் தாமே புள்ளி வைத்து வரைந்திருந்தார். புது இயந்திரம் அதைப் படித்தபோது காய்ச்சல்காரன் பிதற்றுகிற மாதிரி இருந்தது. அத்தனையையும் இன்றைய எழுத்துக்கு மாற்றி முடித்தபோது சின்னவளுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

அப்புறம்தான் விளக்கு விவகாரம். பழைய இயந்திரம் சும்மா காத்திருக்கும்போது ஒரு கணக்கை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் விளக்கின் எண்ணெய் ஒரு சொட்டுக் குறையும்படி எழுதியிருந்தார். புது இயந்திரம் பேய் வேகம். ஆட்டம் தொடங்கிய கையோடு மொத்த எண்ணெயும் காலி. முதல் அறையிலேயே கணினி சொன்னது:

"இருட்டு. உன்னால் எதுவும் செய்ய முடியாது."

சின்னவள் "நட" என்று தட்டினாள். "இருட்டு. உன்னால் எதுவும் செய்ய முடியாது." "தொடு" என்றாள். அதே பதில். "கேள்" என்றாள். அதற்கும் அதே பதில்.

அவளுக்குச் சுருக்கென்றது. சின்ன வயதில் அக்கா வாயால் இந்த வரியை எத்தனையோ முறை கேட்டு, ஆமாம் போலிருக்கிறது என்று பேசாமல் எழுந்து போயிருக்கிறாள். அன்று காலையில்தான் பஸ் மாறி ஆபீஸ் போய், சண்டை போட்டுச் சம்பள உயர்வு கேட்டு, வருகிற வழியில் காய்கறி பொறுக்கி வாங்கி வந்திருந்தாள். எல்லாம் எந்த வெளிச்சத்தில் செய்தாளாம்? எதுவும் செய்ய முடியாதாமே! யாரைப் பார்த்துச் சொல்கிறது இந்த ஆட்டம்?

விளக்கை ஒரே மத்தியானத்தில் சரிசெய்துவிட்டாள். அது பழையபடி நிதானமாக எரிந்தது. அதோடு விட்டிருந்தால் கையெழுத்து கைக்கு வந்த மாதிரிதான். அவள் விடவில்லை. அந்த ஒரு வரியைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் இருட்டை எழுதினாள். விளக்கு அணைந்தாலும் இனி நடக்கலாம், தடவலாம், மோந்து பார்க்கலாம், காது கொடுத்துக் கேட்கலாம்.

"அடிப்பாவி, ஒரு எழுத்து மாத்த மாட்டேன்னு வாக்குக் கொடுத்தியே" என்று அக்கா தலையில் கைவைத்தாள். "பேசாம பழசையே போட்டுக் காட்டு. அவரு போனப்புறம் மாத்திக்கோ."

"திருட்டுத்தனம் எல்லாம் எனக்கு வேண்டாம். நான் மாத்தினதையே அவரு ஆடிப் பார்க்கட்டும்."

எஞ்சினியர் வந்தார். வயரில் தடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தான் எழுதியதைத் தானே படித்து, "அட, அட" என்று குழந்தை மாதிரி சிரித்தார். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் டின்னை எந்த அறையில் வைத்தோம் என்பது அவருக்கே மறந்துபோயிற்று. இங்கேயும் அங்கேயும் அலைந்துகொண்டிருந்தபோது மூன்று வழி பிரியும் இடத்தில் விளக்கு பொசுக்கென்று அணைந்தது.

"முடிஞ்சது" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"முடியல சார். மேல நடங்க."

திரையைப் பார்த்தார். "இருட்டு. வடக்கே தண்ணீர் சொட்டும் சத்தம். கிழக்கிலிருந்து குளிர்ந்த காற்று" என்று இருந்தது. அவர் முகம் எப்படி மாறியது என்று சின்னவளுக்குத் தெரியாது. அக்கா தோளைக் கிள்ளியதிலிருந்து ஊகித்துக்கொண்டாள்.

"இதை நான் எழுதலையே."

"நான் எழுதினேன். இருட்டுன்னா எதுவும் முடியாதுன்னு நீங்க எழுதியிருந்தீங்க. அது பொய் சார். நான் பொறந்ததுலேருந்து அதுலதான் நடந்துக்கிட்டு இருக்கேன்."

எஞ்சினியர் நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷர்கள் சொல்கிற மாதிரியே ஒன்றைச் சொன்னார்.

"கோவிச்சுக்காதம்மா. ஒண்ணு பண்ணு. என் ஆட்டம் என் ஆட்டமாவே இருக்கட்டும். பார்வை இல்லாதவங்களுக்குன்னு தனியா ஒரு பட்டன் வை. அதை அழுத்தினா உன்னோட இருட்டு வரட்டும். இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அக்கா, "ஆமா, ஆமா, அதான் சரி" என்று பேனாவைத் தேடினாள்.

"வேண்டாம்" என்றாள் சின்னவள்.

"ஏய்!"

"நீ சும்மா இரு அக்கா. சார், எங்க போனாலும் எங்களுக்குன்னு ஒரு பின்வாசல் வெச்சிருக்காங்க. அதையும் பாதி நாள் பூட்டித்தான் வெச்சிருக்காங்க. இந்த ஆட்டத்துலயாவது ஒரே வாசல் இருக்கட்டும். விளக்கு அணைஞ்சா உங்களுக்கும் இதே இருட்டுதான், எனக்கும் இதே இருட்டுதான். உங்களுக்கு இது ஒத்துவரலேன்னா கையெழுத்து வேண்டாம், டிஸ்கை எடுத்துக்கிட்டுப் போங்க."

சொல்லிவிட்டாளே தவிர, காத்திருக்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

எஞ்சினியர் எழுந்தார். செருப்பு மாட்டுகிற சத்தம் வாசலில் கேட்டது. "போச்சு, எல்லாம் போச்சு, இந்த வாய்க்கு" என்று அக்கா முணுமுணுத்தாள். ஆனால் கதவு திறக்கவில்லை.

"அந்த வடக்குப் பக்கம்" என்றார் அவர் அங்கிருந்தபடியே. "அங்க நான் தண்ணியே வைக்கலையே. தண்ணிச் சத்தம் எங்கேருந்து வந்துச்சு?"

"வெச்சீங்க. மேல் அறையில ஊற்று வெச்சிருக்கீங்க. அது கசிஞ்சு கீழ சொட்டாதா? புதுசா நான் ஒரு அறை கட்டல, ஒரு சாமான் கூட்டல. நீங்க கட்டின சுரங்கத்தைத்தான் காதால கேட்டு எழுதியிருக்கேன்." பிறகு கேட்டாள்: "ஊருக்கெல்லாம் தண்ணி விட்டவர்தானே நீங்க? மண்ணுக்கு அடியில குழாய் கசிஞ்சா எப்படிக் கண்டுபிடிப்பீங்க? தெருவையெல்லாம் தோண்டியா பார்ப்பீங்க?"



"இரும்புக் கம்பியோட ஒரு முனையைக் குழாய் மேல வைப்போம்" என்றார் அவர். "இன்னொரு முனையைக் காதுல வைப்போம். கண்ணை மூடிக்குவோம், அப்பத்தான் நல்லாக் கேட்கும்." பிறகு தன்னைத்தானே திட்டிக்கொள்கிற மாதிரி, "காலம் பூரா அந்த வேலைதானே பார்த்தேன். எழுதறப்ப புத்தி எங்க போச்சு?" என்றார்.

செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. நாற்காலி முன்னால் நகர்ந்தது. அவர் "கேள்" என்று தட்டினார், ஒவ்வொரு விரலாக.

வழி அவருக்கே தெரியவில்லை. தண்ணீரைத் தொடர்ந்து போய் முட்டிக்கொண்டார், திரும்பி வந்து காற்றைப் பிடித்தார், சுவரைத் தடவி ஏணியைக் கண்டுபிடித்தார். சின்னவள் வாயே திறக்கவில்லை. அக்காதான் பொறுக்காமல், "இடது பக்கம் சார், இடது பக்கம்!" என்று கத்தி, தங்கையிடம் ஒரு அதட்டலான "உஷ்" வாங்கிக்கொண்டாள். ஒருவழியாகக் கடைசி வாசல் வந்தது. கணினி படித்தது: "தூரத்தில் வெளிச்சம் தெரிகிறது. பிழைத்துவிட்டாய்."

"இதை மட்டும் ஏன் மாத்தாம விட்டே?" என்றார் எஞ்சினியர்.

"அது உங்க கடைசி வரி. நீங்கதான் எழுதணும்."

நிரலில் அந்த இடத்தைத் திறந்து கொடுத்தாள். தட்டத் தட்டக் கணினி எழுத்தெழுத்தாகச் சொல்லும். அதை நிறுத்தி வைத்தாள். அவர் வெகு நேரம் எடுத்துக்கொண்டார், அழித்தார், திரும்ப எழுதினார். முடித்துவிட்டேன் என்றதும் அவள் குரலைத் திறந்துவிட்டாள்.

"முகத்தில் வெயில் படுகிறது. வெளியே வந்துவிட்டாய்."

சின்னவள் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள், மறைக்கவில்லை. அக்கா மூக்கை உறிஞ்சியபடி, "இவ்வளவுதானா? இதுக்கா அந்த நாள்லேருந்து என் உசிரை வாங்கினே?" என்றாள்.

"கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டார் எஞ்சினியர்.

"அது அக்கா காட்டுவா. நீங்க கொஞ்சம் எந்திரிங்க சார், என் முறை."

நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டத்தை முதலிலிருந்து தொடங்கினாள். பழக்கதோஷத்தில் அக்கா, "நீ மலையடிவாரத்தில் நிற்கிறாய், கையில் எரிகிற விளக்கு..." என்று படிக்க ஆரம்பித்தாள்.

"நீ படிக்க வேண்டாம்கா. எனக்குக் கேட்குது."

சுரங்க வாயில் வந்தது. சின்னவள் "விளக்கைக் கீழே வை" என்று தட்டினாள். வைத்தாய் என்றது கணினி. அதை அங்கேயே விட்டுவிட்டு, "நட" என்றாள்.