மஞ்சள் சட்டைக்குள்ளிருந்து ஒரு கத்தல்

1.

இந்தக் கதையை நான் திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லி என் மானம் போக வேண்டாம். சொந்தக்காரர் பெயர் வெர்லின் ஹாக்ஸ்டாட். அமெரிக்காவில், விஸ்கான்சினில் நான் இருபது வருஷமாக வேலை பார்க்கும் சீஸ் ஆலையில் பாய்லர் அவர் பொறுப்பு. ஒரு மத்தியானம் சாப்பாட்டு அறையில் ரொட்டியை மென்றுகொண்டே, "வாழ்க்கையில ஒரே ஒரு தடவை தப்பான எடத்துல கத்திட்டேன்மா" என்றார். மேற்கொண்டு கேட்பதற்குள் மணி அடித்தது, எழுந்து போய்விட்டார்.

நான் டிபன் பாக்ஸை மூடக்கூட இல்லை, மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். மீதியைப் பல மத்தியானங்களில் பிடுங்கினேன்.

2.

முதல் தொடக்கம்: "ஆகஸ்ட் வெயிலில் அந்த மைதானம் கொதித்துக்கொண்டிருந்தபோது—"

(வேண்டாம். இண்டியானாவில் டிரம் கோர் போட்டியின் அரையிறுதி நடக்கும் அரங்கத்துக்குக் கூரை உண்டு, உள்ளே ஏசி. வெர்லின் ஸ்வெட்டர் கொண்டுபோவார்.)

இரண்டாவது தொடக்கம்: "டிரம் கோர் என்பது யாதெனில்—"

(இது பரீட்சைக்கு விடை எழுதுவது போல இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் திண்டாடுவீர்கள். ஆகவே ஒரே மூச்சில்: நூற்றைம்பது இளசுகள், பித்தளைக் குழல்கள், முரசுகள், கொடிகள். கோடை முழுக்கப் பள்ளிக்கூடத் தரையில் படுத்து, பஸ்ஸில் ஊர் ஊராகப் போய், கால்பந்து மைதானத்தில் பதினொரு நிமிஷ நிகழ்ச்சி ஒன்றையே நடந்துகொண்டும் ஓடிக்கொண்டும் வாசித்துப் போட்டி போடுவார்கள். இருபத்தொரு வயசோடு சரி, அதற்குமேல் வெளியே போ என்று அனுப்பிவிடுவார்கள். வெளியே வந்தவர்கள் சாகிறவரை ரசிகர்களாக இருப்பார்கள். மூச்சு முடிந்தது.)

மூன்றாவது தொடக்கம்: "வெர்லின் ஹாக்ஸ்டாட் எங்கே போனாலும் இடது காலைத்தான் முதலில் எடுத்து வைப்பார்."

இதை வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் இது நிஜம். அணிவகுப்பில் அப்படித்தான் பழக்குவார்கள். தம் கல்யாணத்தன்று சர்ச் வாசலில் மனைவி வலது காலை வைத்துவிட்டார் என்று அவர் நின்றாராம், "மறுபடியும் முதல்லேர்ந்து போவோமா" என்று கேட்டாராம். இதை அந்த மனைவியே என்னிடம் சொன்னார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

3.

வெர்லின் வாசித்தது காப்பர் ஹெரன்ஸ் என்ற கோரில், நாலு கோடை. வெளியே வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது, ஒரு சீசன்கூடத் தவறவிட்டதில்லை. அவர்கள் நிறம் பச்சை. அவர் ஜாக்கெட் பச்சை, தபால்பெட்டி பச்சை, புல்வெட்டும் இயந்திரம்கூடப் பச்சை. (கடைசியாகச் சொன்னது கம்பெனியிலிருந்தே பச்சையாக வந்தது என்கிறார். நான் நம்பவில்லை.)

ஹெரன்ஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் பாட்டு மாறும், நடை மாறும், ஆனால் கடைசிக்கு முன்னால் ஓர் இடம் மட்டும் மாறாது. வாத்தியமெல்லாம் ஏறி, ஏறி, உச்சிக்குப் போய், சட்டென்று நிற்கும். நாலு எண்ணிக்கை மௌனம். இரண்டாவது எண்ணிக்கையில் பழைய ஆட்கள் எங்கே உட்கார்ந்திருந்தாலும் ஒரே குரலில் "ஹெரன்ஸ்" என்று கத்துவார்கள். இதைச் செய்யாதவன் பழைய ஆளே இல்லை. வெர்லின் காய்ச்சலோடு போய்க் கத்தியிருக்கிறார், பல் பிடுங்கிய மறுநாள் கத்தியிருக்கிறார்.

அவர் மகள் பிரிட்டா டிரம்பெட் வாசிப்பாள். ஹெரன்ஸ் தேர்வுக்கு இரண்டு குளிர்காலம் போனாள், இரண்டு தடவையும் கழித்துவிட்டார்கள். இரண்டாவது தடவை செய்தி சொல்லக் கூப்பிட்டவர் ரோலி ஸாஸ்ட்ரோ. வெர்லினோடு ஒரே பஸ்ஸில் நாலு கோடை தூங்கியவர், இப்போது ஹெரன்ஸில் ஊதுகிறவர்களுக்குத் தலைமை. வெர்லின் ஃபோனைக் காதில் வைத்து ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "நியாயம்தான் ரோலி" என்றார். பிரிட்டா அப்போது அடுப்படியில் நின்றிருந்தாள்.

அடுத்த வருஷமே அவள் ப்ரெய்ரி லான்டர்ன்ஸ் கோரில் சேர்ந்துவிட்டாள். அவர்கள் மஞ்சள்.

4.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பெண்ணை வேண்டாம் என்று சொன்ன கூட்டத்தைக் கட்டிக்கொண்டு அழும் ஒரு மனுஷரை வைத்து எப்படிக் கதை எழுதுவது? நீங்கள் அவரை மன்னிக்கமாட்டீர்களே. நேரே அவரிடமே கேட்டேன்.

"அந்தப் பச்சை ஜாக்கெட்டக் கழட்டிக் கடாசியிருக்கலாம்ல?"

"ஏம்மா, உங்க அண்ணன் உங்களோட சண்ட போட்டா, நீங்க போயி வேற வீட்டுல பொறந்துக்குவீங்களா?"

"ஆனா அவ உங்க பொண்ணு."

"அவளும் அந்த வீடுதான். அதான் தொந்தரவே" என்றார்.

அவள் மஞ்சளில் வாசித்த மூன்று கோடையும் அவர் நிகழ்ச்சிக்குப் போனார், கைதட்டினார். ஆனால் பச்சை ஜாக்கெட்டில், பச்சைக்காரர்களோடு உட்கார்ந்து. அது அவளுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எழுதப் போனேன். பிறகு அவளையும் பிடித்து இந்தக் கைப்பிரதியைக் கொடுப்பதே மேல் என்று தோன்றியது. கொடுத்தேன். இனிமேல் வரும் இடங்களில் அவள் பென்சிலும் இருக்கிறது.

5.

அந்த மூன்றாவது கோடைதான் அவளுக்குக் கடைசி, இருபத்தொரு வயசு ஆகிவிட்டது. அரையிறுதிக்கு நாலு நாள் முன்னால் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது, பின்னாலேயே ஃபோன்.

"அப்பா, மஞ்சச் சட்ட வந்துச்சா? லான்டர்ன்ஸ் பெத்தவங்களுக்குன்னு அடிச்சது. அதப் போட்டுக்கிட்டு எங்க பக்கம் உக்காருங்க."

"நீ சொன்னா உக்கார்றேன்."

"நான் சொல்லாமலே உக்காரணும்னு மூணு வருஷம் இருந்து பாத்தேன்பா. ஆகல. அதான் சொல்றேன்."

சிக்கல் என்னவென்றால், அரையிறுதியிலிருந்து பன்னிரண்டு கோர்தான் இறுதிக்குப் போகும். ஹெரன்ஸ் பத்தொன்பது வருஷமாக அந்தப் பன்னிரண்டுக்குள் வந்ததில்லை. இந்த வருஷம் பன்னிரண்டாம் இடத்தில் நின்றார்கள். பதிமூன்றில், அரைக்கால் புள்ளிகூட இல்லாத வித்தியாசத்தில், லான்டர்ன்ஸ். ஒருவர் போனால் மற்றவர் மூட்டை கட்ட வேண்டும். மூட்டை கட்டுவது லான்டர்ன்ஸ் என்றால் பிரிட்டாவுக்கு அந்த மத்தியானத்தோடு எல்லாம் முடிந்தது.

(இப்படியெல்லாம் கதையில்தான் அமையும் என்கிறீர்களா? அந்த வித்தியாசத்தை நான் கொஞ்சம் குறைத்தேன். கொஞ்சம்தான்.)

வெர்லின் மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு அரங்கத்துக்குப் போனார். நடைபாதையில் ரோலி எதிரே வந்தார்.

"டேய், என்னடா இது, வாழப்பழம் மாதிரி வந்து நிக்கிற?"

"எம்பொண்ணு கேட்டா, போட்டேன்."

"கட்சி மாறிட்டேன்னு சொல்லு."

"இன்னிக்கு ஒரு நாளைக்குடா."

"அப்படித்தான்டா எல்லாவனும் ஆரம்பிக்கிறான்" என்று முதுகில் ஓர் அடி அடித்துவிட்டுப் போனார் ரோலி.

முதலில் ஹெரன்ஸ் இறங்கினார்கள். வெர்லின் லான்டர்ன்ஸ் பெற்றோர்களுக்கு நடுவே இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வந்தது. ஏறி, ஏறி, நின்றது. ஒன்று. இரண்டு. எதிர்ப் பக்கத்திலிருந்து பச்சைக் கூட்டம் கத்தியது. வெர்லின் வாயைத் திறக்கவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவை. நெற்றி வியர்த்துவிட்டது. தாண்டிவிட்டோம் என்று அப்படியே சாய்ந்து, பக்கத்து அம்மாளிடம் பாப்கார்ன்கூட வாங்கித் தின்றார். பாவி மனுஷர், அங்கேதான் அசந்துவிட்டார்.

அதற்கடுத்தது லான்டர்ன்ஸ். அவர்கள் நிகழ்ச்சியை ஜூலையில் அவர் பார்த்திருந்தார், எந்த இடத்தில் என்ன வரும் என்று தெரியும். ஆனால் இந்த டிரம் கோர் உலகத்தில் கடைசி வாரம் வரைக்கும் நிகழ்ச்சியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மூன்று நாளுக்கு முன்னால் பிரிட்டாவின் தனி வாசிப்புக்கு முன் புதிதாக ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். வாத்தியமெல்லாம் ஏறியது, இன்னும் ஏறியது, சட்டென்று நின்றது. மௌனம். பிரிட்டா ஒருத்தி மட்டும் குழலை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

ஒன்று. இரண்டு.

"ஹெரன்ஸ்!"

அத்தனை பெரிய அரங்கத்தில் ஒரே ஒரு குரல், அதுவும் மஞ்சள் சட்டைக்குள்ளிருந்து. பாப்கார்ன் அம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையை வெர்லின் இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். ஆனால் அதற்கடுத்த வினாடியை நடித்துக் காட்டமாட்டார். அதைக் கேட்டால் பாய்லரைப் பார்க்க வேண்டும் என்று எழுந்துவிடுவார்.

நான் எழுதினேன்: "பிரிட்டாவின் சுரம் உடைந்தது."

பிரிட்டாவின் பென்சில்: உடையவில்லை. ஒரு எண்ணிக்கை தள்ளி ஆரம்பித்தேன். அது யார் குரல் என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது, அதனால்தான்.

6.

இப்போது முடிவுகள்.

முடிவு ஒன்று. லான்டர்ன்ஸ் மயிரிழையில் இறுதிக்குப் போகிறார்கள், அப்பாவும் மகளும் கட்டிக்கொள்கிறார்கள். (சினிமா. நான் எழுதி, படித்து, வெட்கப்பட்டுக் கிழித்தது.)

முடிவு இரண்டு. மயிரிழையில் லான்டர்ன்ஸ் வெளியே. அந்த ஓர் எண்ணிக்கைத் தாமதம்தான் காரணமா என்று அவர் ஆயுசு முழுக்கக் கணக்குப் போட்டு— (இவ்வளவு கொடுமை செய்ய எனக்கு மனசு வரவில்லை. நாளைக்கும் அவரோடுதான் நான் சாப்பிட வேண்டும்.)

முடிவு மூன்று. இருவரும் சமம். விதிப்படி இருவரும் போகலாம். (இதை யோசித்ததற்காகவே என்னை அடிக்கலாம்.)

மூன்றும் மதிப்பெண்ணைப் பற்றிய முடிவுகள். கதை அதற்கு முன்னால் பஸ்கள் நிற்கும் இடத்தில் முடிந்துவிட்டது. அங்கே நடந்ததில், கடைசிக் கேள்வி வரைக்கும் இருவர் சொல்வதும் வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகிறது.

தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பிரிட்டா வந்தாள். சுற்றிலும் எல்லாரும் ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வாய்தான் கத்துச்சும்மா. நான் கத்தல" என்றார் வெர்லின்.

"தெரியும்பா. அதுக்குக் கோவமில்ல. கோவம் இருக்கு, ஆனா அத அப்புறம் பாத்துக்கலாம்."

"பின்ன?"

"ரோலி மாமா ஃபோன் பண்ணப்ப நியாயம்தான்னு சொன்னீங்க."

அவர் தார் ரோட்டைப் பார்த்தார். "நீ அந்த வருஷம் நல்லா வாசிக்கலம்மா. உனக்கே தெரியும்."

"தெரியும். ரோலி மாமாகிட்ட நியாயம் கேட்டுத்தான் போனேன், குடுத்தாரு. உங்ககிட்ட நான் அதயா கேட்டேன்?"

வெர்லின் மஞ்சள் சட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மார்க் வர இன்னும் பத்து நிமிஷம் இருக்கு" என்றாள் பிரிட்டா. "ரெண்டுல ஒண்ணுதான் போகும். யாரு போகணும்? இப்பச் சொல்லுங்க. வந்ததுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் அது எனக்கு வேணாம்."

7.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.

வெர்லின் சொல்கிறார்: "கேட்ட ஒடனே 'நீங்கதான்மா, உங்க கோர்தான்'னேன்." பிரிட்டா கைப்பிரதியில் அந்த வரியை ஒரே கோடாக அடித்திருக்கிறாள். பக்கத்தில்: அவர் எதுவும் சொல்லவில்லை. பத்து நிமிஷமும் பக்கத்திலேயே நின்றேன்.

இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல. அவள் அடித்த பக்கத்தை அவரிடம் காட்டினேன். ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"சொன்னேன்மா. நல்லா ஞாபகம் இருக்கு."

"அவளுக்குக் கேக்குற மாதிரி சொன்னீங்களா?"

பக்கத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நெஞ்சு முழுக்க அதுதான் இருந்துச்சு" என்றார். "வெளிய வந்துச்சான்னு தெரியலம்மா."

மதிப்பெண் என்ன வந்தது என்று சொல்லமாட்டேன், அதை வைத்துக்கொண்டு நீங்கள் தப்பித்துவிடுவீர்கள். முதல் பிரதியில் அவருக்குப் பதிலாக நானே ஒரு நல்ல வசனம் எழுதிவைத்தேன். அதையும் அவள் அடித்துவிட்டாள், சரியாகத்தான் அடித்தாள். ஆகவே வெர்லின் நின்ற இடத்தை உங்களிடம் விட்டுவிட்டு நான் எழுந்துகொள்கிறேன். பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, அவள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பத்து நிமிஷம் இருக்கிறது. பதிலைச் சொல்லுங்கள். மனசுக்குள் வேண்டாம்.