கருப்பசாமிக்குக் கொட்டாவி வந்தது

“அப்ப சாமியும் சேந்து தூங்கிருமே, டாக்டரம்மா?”

“எந்தச் சாமிண்ணே?”

“என் மேல வர்றதுதான். கருப்பு.”

டாக்டர் பவதாரிணி பேனாவை மூடி வைத்தார். படித்த படிப்பில் இந்தப் பாடம் இல்லை. செல்லக்கிளி புருஷன் சோணையின் தொடையைக் கிள்ளினாள்.

சோணை திருவாதவூரில் கருப்பசாமியாடி. அருவாள் மேல் ஏறி நின்று குறி சொல்கிற ஆள். அப்படிப்பட்டவர், இரண்டு கீமோ ஏறிய பிறகு ஸ்பிரிட் வாடையை நினைத்தாலே வாந்தி எடுத்தார். இன்றைக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. பஸ் மதுரை மாட்டுத்தாவணிக்குள் திரும்பியதுமே முன்சீட்டுக்காரர் முதுகில் அபிஷேகம். இனிமேல் கீமோவே வேண்டாம், போகிற உசுரு வீட்டிலேயே போகட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். செல்லக்கிளிதான் அவரை டாக்டர் அறைவரை இழுத்து வந்தாள்.

“மருந்து ஏறுறதுக்கு முன்னாடியே வாந்தி வருதுன்னா, அது பயத்துல வர்றதுண்ணே. வாந்தி மாத்திரையோட இந்த மாத்திரையையும் போட்டா பதட்டம் அடங்கும், கண்ணு சொக்கும். நடந்தது பாதி ஞாபகம் இருக்காது.”

“கருப்புக்குப் பயமா?”

“கருப்புக்கு இல்ல, உங்களுக்கு,” என்றாள் செல்லக்கிளி. “சாமி ஆடியில வரும். வாந்தி இன்னிக்கு வருது. முழுங்குங்க.”

முழுங்கினார். கீமோ வார்டில், பக்கத்து நாற்காலியில் இருந்த டி. கல்லுப்பட்டி மலையாண்டியிடம் தன் சாமியின் பெருமையை அளந்துகொண்டிருந்தவருக்குப் பேச்சு குழறியது. கொட்டாவி வந்தது. அடுத்தது அதைவிடப் பெரிசு. ஒரு பஸ்ஸே உள்ளே போய்த் திரும்பி வரலாம்.

இதெல்லாம் மாத்திரையின் வேலை என்று செல்லக்கிளிக்குத் தெரியும். மலையாண்டிக்குத் தெரிந்ததெல்லாம், சாமி இறங்குவதற்கு முன்னால் சாமியாடிக்குக் கொட்டாவி வரும் என்பதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, ஊசி குத்திய கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

“சாமி, மகளுக்கு வரன் தள்ளிக்கிட்டே போகுதுய்யா.”

“உப்புப் பத்தல,” என்றார் சோணை, கண்ணைத் திறக்காமல்.

அது காலையில் சாப்பிட்ட உப்புமாவைப் பற்றிய புகார். மலையாண்டி கண் கலங்கிச் செல்லக்கிளி பக்கம் திரும்பினார்.

“உப்பும் மிளகும் கொட்டுறேன்னு நேந்திருந்தேன் தாயி, மறந்தே போனேன். புட்டுப்புட்டு வைக்குதே!”

அப்புறம் அது வார்டாக இல்லை. மருந்துப் புட்டி தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டு ஒவ்வொருவராக வந்தார்கள், கடலுக்கடியில் நடக்கிறவர்களைப் போல மெதுவாக. மொட்டைத் தலைகளைப் பார்த்தால் அழகர்கோவிலில் முடியிறக்கிவிட்டு வந்த கூட்டம் என்றே தோன்றும். விரட்ட வந்த நர்ஸ் தமிழ்வாணியும் சோணையின் காதருகே குனிந்தாள்.

“சொந்த ஊருக்கு டிரான்ஸ்பர் கிடைக்குமா சாமி?”

“ஜன்னலச் சாத்து,” என்றது கருப்பு.

செல்லக்கிளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புற்று என்று தெரிந்த நாளுக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

சோணைக்குத் தெளிந்தபோது பஸ் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

“மருந்து எப்ப ஏத்துவாங்க?”

“ஏத்தி முடிச்சாச்சு.”

“வாந்தி?”

“ஒரு சொட்டு இல்ல.” உப்புமாவில் தொடங்கி டிரான்ஸ்பர் வரை அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

“நெசமாவே கருப்புதானா?”

“என்னயக் கேட்டா? வீட்டுலயும் உப்புப் பத்தலன்னு நீங்கதான் சொல்லுறீக.”

வெளியே கண்மாய்த் தண்ணீரில் வெயில் சாய்ந்திருந்தது. அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“அம்புட்டுப் பேரும் அவுகவுகளுக்குக் கேட்டாகளா?”

“ஆமா.”

“என்னயப் பத்தி?”

யாரும் கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொன்ன வாய் அவருக்கென்று ஒன்றும் சொன்னதில்லை. என்ன சொன்னோம் என்பதே பிறகு அடுத்தவர் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். செல்லக்கிளியோ கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சாமியிடம் எதையும் கேட்டவளில்லை.

“அடுத்த ஊசிக்கும் அந்த மாத்திரையவே தரச் சொல்லு,” என்றார் சோணை. குரல் இறங்கியிருந்தது. “கொட்டாவி வந்ததும் மத்தவுகளுக்கு முந்தி, நீ செருப்பக் கழட்டிட்டு, எம் புருசன் பொழைச்சுக்குவானான்னு ஒரு வார்த்த கேளு, கிளி.”