இருபத்துமூன்று கையொப்பங்கள்

கிளமென்றுக்குச் சுவிற்சர்லாந்துக் குடியுரிமை வழங்க இயலாது என்று ஊரின் குடியுரிமைக் குழு அனுப்பிய கடிதம் மூன்றே வரிகளில் முடிந்திருந்தது. விண்ணப்பதாரர் ஊர் வாழ்வில் பங்கெடுத்தமைக்குச் சான்று இல்லை என்பது அதன் சாரம். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, டாவோஸில் கோப்பை கழுவத் தொடங்கி, லுசேர்ணில் ஒரு விடுதியின் சமையற்காரராக உயர்ந்தவர் அவர். வயது ஐம்பத்தெட்டு. பத்தொன்பது ஆண்டுகளாக நகருக்கு அணித்தான அதே சிற்றூரில் குடியிருந்தார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, விடுவம்" என்றார்.

அவர் மனைவி றீற்றா விடவில்லை.

"என்னத்தை விடுறது? மேன்முறையீட்டுக்கு முப்பது நாள் தவணை எண்டு கீழை போட்டிருக்கல்லோ. போய் ஆரையும் கேளுங்கோ. வாய் உங்களுக்கு உப்புப் பாக்க மட்டுமோ?"

ஆகவே, வேறு வழியின்றி, லுசேர்ண் நிலையத்துக்குப் பின்புறமிருந்த உரிமைக் கழகத்தின் படிகளில் ஏறினார். அரசியலமைப்புத் தந்த உரிமைகள் எங்கேனும் மறுக்கப்படின், அங்குள்ள வழக்கறிஞர்கள் ஊதியமின்றி வாதாடுவர். தோலின் நிறங்கண்டு பொலிசார் மறித்த மாணவன், பதாகை பிடித்ததற்குத் தண்டம் பெற்ற தாதி என அவ்வாண்டில் எடுத்த வழக்குகளையெல்லாம் ஒரு மஞ்சட் புத்தகமாக அச்சிட்டு, ஆண்டுக் கூட்டத்தில் அங்கத்தவரின் ஒப்புதலைப் பெறுவது அவர்களது வழமை.

கிளமென்றின் வழக்கை ஏற்றவள் டிலக்ஷி. வில் என்னும் சுவிற்சர்லாந்து நகரில் பிறந்து வளர்ந்த வழக்கறிஞர்.

"அங்கிள், ஊரிலை ஏதாவது ஃபெராயினிலை, அதுதான் சங்கத்திலை, பேர் இருக்கோ? பாட்டுச் சங்கம், துவக்குச் சுடுற சங்கம்…"

"துவக்கோ? அதுக்குப் பயந்துதானே பிள்ளை இஞ்சை வந்தனான்!"

அவள் சிரித்துவிட்டாள். "குழுவும் இதைத்தான் கேட்டவையோ?"

"ஓம். ஒரு சங்கத்திலையும் இல்லையெண்டு சொன்னன். பொய் சொல்லேலாதல்லோ."

டிலக்ஷி பெருமூச்செறிந்தாள். "சரி, சனிக்கிழமை ஒருக்கா வாங்கோ. யோசிச்சுப் பாப்பம்."

"சனிக்கிழமை ஏலாது பிள்ளை. தீயணைப்புக்காரருக்குச் சூப் வைக்க வேணும்."

அவளது பேனை நின்றது. "ஆருக்கு?"

"எங்கடை ஊர்த் தீயணைப்புப் படைக்கு. வருசத்திலை ஒருக்காப் பெரிய பயிற்சி நடக்கும். பதினாலு வருசமா பார்லி சூப் நான்தான்."

"பதினாலு வருசம்! இதை ஏன் அங்கை சொல்லேல்லை?"

"அவை சங்கத்திலை பேர் இருக்கோ எண்டெல்லோ கேட்டவை. சூப் வைக்கிறவனுக்கு ஆர் பேர் பதியிறது? அதோடை, செய்ததை நாங்களே சொல்லித் திரியிறதோ?"

டிலக்ஷி தலையில் கைவைத்துக்கொண்டாள். "அங்கிள், உங்களுக்கு எதிரான பெரிய சாட்சி நீங்கள்தான்."

படையினரிடம் சான்றுக் கடிதம் கேட்கக் கிளமென்றுக்கு நா எழவில்லை. அதனால் அச்சனிக்கிழமை டிலக்ஷியே பயிற்சித் திடலுக்குச் சென்று, சூப்புக் கிண்ணமும் கையுமாக நின்று, நடந்ததைச் சொன்னாள். கேட்டவர்கள் உண்பதை நிறுத்தினார்கள். அன்று மாலையே கடிதம் ஆயிற்று. 'இவர் எங்கள் ஊரவர் என்றே இருந்துவிட்டோம். இவரிடம் இருப்பது எந்நாட்டுக் கடவுச்சீட்டு என வினவ எங்களுக்குத் தோன்றவேயில்லை' என்று எழுதிய படைத்தலைவரின் கீழ் ஏனையோரும் ஒப்பமிட்டனர். எல்லாமாக இருபத்துமூன்று பேர்.

விசாரணைக் குறிப்பையும் டிலக்ஷி கேட்டுப் பெற்றாள். ஏரிகளின் பெயர்களும் மலைகளின் உயரங்களும் அதில் இருந்தன. அயலவரோடு அவர் வாழ்ந்த வாழ்வைப் பற்றி ஒரு வினாவேனும் இல்லை. ஒருவரை முழுமையாகக் கேளாது தீர்ப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று அவள் மேன்முறையீடு செய்தாள். ஓராண்டு கழிந்தபின் குழுவின் முடிவை நீதிமன்றம் நீக்கியது. குழு அவரை மீண்டும் அழைத்தது, இம்முறை கேட்டது, குடியுரிமையும் தந்தது.

மறுநாளே கிளமென்ற் ஒரு தட்டு நிறைய ஆட்டிறைச்சி றோல்ஸோடு கழகத்துக்கு வந்து நின்றார்.

"வாங்கேலாது அங்கிள்," என்றாள் டிலக்ஷி, மணத்தை மூக்கால் வாங்கியபடியே. "நாங்கள் வழக்குப் பேசின ஆக்களிட்டை ஒண்டும் வாங்கக்கூடாது. சட்டம்."

"அப்ப ஆர்தான் உங்களுக்குச் சாப்பாடு தரலாம்?"

"அங்கத்தவர் ஆண்டுக் கூட்டத்துக்குக் கொண்டு வரலாம்."

"படிவத்தைத் தாரும் பிள்ளை."

இவ்வாறாக ஐம்பத்தொன்பதாம் வயதில் முதன்முறையாக ஒரு சங்கத்தில் அவர் பெயர் பதிவாயிற்று.

ஆண்டுக் கூட்டத்தன்று றீற்றா றோல்ஸ் தட்டை மடியில் ஏந்தியிருந்தாள். தலைவி மஞ்சட் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக வாசித்தார். ஒன்பதாம் பக்கத்தில் கிளமென்றின் வழக்கு, கழகத்தின் வெற்றியெனக் குறிக்கப்பட்டிருந்தது. இறுதியில், ஆண்டுதோறும் கேட்பது போல, "ஆட்சேபம் உண்டா?" என்றார் தலைவி. ஆண்டுதோறும் அதற்கு விடை மௌனமே.

கிளமென்றின் கை உயர்ந்தது.

"அங்கிள், கையை இறக்குங்கோ! இது எதிர்க்கிற ஆக்களுக்கு," என்று கிசுகிசுத்தாள் டிலக்ஷி.

"தெரியும் பிள்ளை."

எழுந்து நின்று, சமையலறையிற் கற்ற ஜேர்மன் மொழியில், தடுமாறினாலும் நிறுத்தாமற் பேசினார். கழகத்துக்கு உயிருள்ளவரை நன்றியுடையேன் என்றார். ஆனால், இருபத்துமூன்று பேர் ஒப்பமிட்ட கடிதம் இப்புத்தகத்தில் இல்லை. செய்ததைச் சொல்லாமல் விட்டது என் பிழை என இங்குதான் எனக்குச் சொன்னார்கள். அந்த இருபத்துமூன்று பேரும் செய்ததைச் சொல்லாமல் நாம் விடலாமா என்று கேட்டார்.

பின்னர்த் தலைவி பேனையை எடுத்து, ஒன்பதாம் பக்கத்தின் ஓரத்தில் அக்கடிதத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி வாசித்துக் காட்டி, திருத்தத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். மண்டபமெங்கும் கைகள் எழுந்தன. கிளமென்ற், மன்னாரில் தேர்தல் வந்த நாள்களிலெல்லாம் இடம்பெயர்ந்து ஓடியவர்; இங்கோ முப்பதாண்டு வாக்கின்றி வாழ்ந்தவர். அத்தனை கைகளுக்கிடையே தம் கையையும் உயர்த்தி, கண்கள் கலங்க, அவர் அப்படியே நின்றுவிட்டார்.

றீற்றா அவர் சட்டையைப் பிடித்திழுத்தாள்.

"இனிக் கையை இறக்குங்கோ. உங்களையும் எண்ணிப் போட்டினம்."