நூற்றைம்பது வீதம்

“நூருல் பஹ்ர்... நூருல் பஹ்ர்... கேக்குதா? ஓவர்!”

வானொலிக் கருவியின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஸும்றா கத்தினாள். இரைச்சல்தான் பதிலாக வந்தது. பள்ளிவாசல்துறை மீனவர் சங்க அறையின் தகரக் கூரையைக் கழற்றிக்கொண்டு போகாமல் காற்று ஓயாது போலிருந்தது.

வாசலில் தர்சன் நின்றான். ஒரு கையில் மண்ணெண்ணெய்க் கான். மறு கையில் கயிற்றுச் சுருள்.

“இடத்தைச் சொல்லுங்கோ அக்கா. நான் வெளிக்கிடுறன்.”

“இந்தக் கடல்லயா? அந்தச் சின்ன போட்லயா? ஒனக்குப் பைத்தியமா தம்பி?”

“அங்க என்ரை அத்தான் சாகப்போறார்!”

கதிரையில் இருந்த அவனுடைய அக்கா றீற்றா முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய கணவன் யூட் ஓட்டிப்போன ‘ஸ்டெல்லா’ படகின் இயந்திரம் மதியம் நடுக்கடலில் நின்றுவிட்டது. அதன்பிறகு வானொலியும் செத்துப்போனது. கடைசியாக யாரோ ஆபத்துப் பொத்தானை அழுத்தியிருந்தார்கள். சங்கத்துக் கணினியின் கடல் வரைபடத்தில் இப்போது ஒரு சிவப்புப் புள்ளி நின்றது. பாறைத் திட்டுக்குப் பக்கத்தில்.

எவ்வளவு பக்கத்தில்?

அதுதான் தெரியவில்லை. புள்ளி தண்ணீரில் கரைந்த சாயம் மாதிரி கலங்கிக் கிடந்தது. கீழே இருந்த இலக்கங்களும் அப்படியே. அதற்குமேல் வரைபடத்தைப் பெரிதாக்கவும் முடியவில்லை.

“புதுத் திரைன்னு செல்லித்தானே கொண்டுவந்தாங்க!” ஸும்றா மேசையில் அடித்தாள். “இது ஏன் இப்படி மங்கிக் கெடக்கு?”

சங்கத் தலைவர் நெய்னார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்தும் போட்டுக்கொள்ளவில்லை.

“எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இரிந்திச்சு மகள். நேத்து நாந்தான் பெருசாக்கினேன்.”

“எப்படிப் பெருசாக்கினீங்க, நெய்னார் நானா?”

“திரை அமைப்புக்குள்ள பெரிய நம்பர் ஒண்டு இரிந்திச்சு. அத எடுத்துட்டு சின்ன நம்பரப் போட்டேன். எல்லாம் எருமை மாதிரி ஆகிச்சு. நல்லாத்தானே இரிந்திச்சு?”

ஸும்றாவுக்கு விளங்கிவிட்டது. மனுசன் எழுத்தைப் பெரிதாக்கவில்லை. திரை தீட்டும் புள்ளிகளைக் குறைத்துவிட்டிருக்கிறார். சின்னச் சூடை மீன் பிடிக்கும் வலையைக் கழற்றிவிட்டுச் சுறா வலையை விரித்த கதை. சின்னதெல்லாம் நழுவிப் போய்விட்டது.

“பத்து நிமிசம்கூட நிக்கமாட்டன்,” என்றான் தர்சன். “சொல்லுங்கோ, இல்லாட்டி கண்ணை மூடிக்கொண்டு போறன்.”

“வாய மூடிட்டு நில்லு!”

அவள் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். பழைய பெரிய இலக்கத்தைத் தேர்ந்தாள். திரை ஒருதரம் கறுத்து வெளித்தது. எல்லாம் சுருங்கிப் பொடியாகிவிட்டது.

“ஐயோ, மாதாவே! எல்லாம் போயிட்டுது!” என்று றீற்றா எழுந்துவிட்டாள்.

“போகல்ல அக்கா. பொறுங்க.”

இன்னும் ஒரு வரி இருந்தது. எழுத்துகளும் படங்களும் எத்தனை வீதத்தில் தெரிய வேண்டும் என்று கேட்கும் வரி. நூறு என்றிருந்ததை அவள் நூற்றைம்பது ஆக்கினாள். பொடியாய்க் கிடந்த எழுத்துகள் வளர்ந்தன. கலங்காமல் வளர்ந்தன. ஆனால் வரைபடம் மட்டும் அசையவில்லை. பழைய மென்பொருள் அது. மூடித் திறந்தால்தான் புது அளவை எடுக்கும்.

“மூடாத மகள்!” நெய்னார் அவளுடைய கையைப் பிடிக்காத குறை. “திரும்பி வராட்டி? அந்தப் புள்ளியும் போயிரும்!”

ஸும்றாவின் விரல் ஒரு கணம் தயங்கியது.

மூடினாள்.

வெறும் நீலத் திரை. கூரை தடதடத்தது. மின்குமிழ் மங்கி, அணைவதுபோல் போய், திரும்பி எரிந்தது. றீற்றாவின் செபமாலை மணிகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் அந்த அறையில் பெரிதாகக் கேட்டது.

கடல் திறந்தது.

கற்பிட்டி முனை கத்தியால் வெட்டியதுபோல் நின்றது. நுரைச்சோலைக் கரை, ஆழக் கோடுகள், பாறைத் திட்டின் பல் பல்லான விளிம்பு என்று எல்லாமே தனித்தனியாகத் தெரிந்தன. சற்றுமுன்வரை வெறும் நீலமாக இருந்த இடமெல்லாம் மெல்லிய கோடுகள். ஒவ்வொரு படகும் வந்த வழி. நேற்றிலிருந்து தாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது கடலே இல்லை என்பதுபோல் நெய்னார் வாயைத் திறந்தபடி நின்றார்.

“யா அல்லாஹ்,” என்றார் மெதுவாக. “இவ்வளவும் உள்ளுக்குள்ளதான் இரிந்திச்சா?”

தர்சன் கானைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான்.

“அக்கா... இது ஒரு புள்ளி இல்லை. ரெண்டு!”

சிவப்புக்கு முன்னால் ஒட்டியபடி ஒரு பச்சைப் புள்ளி. அவனுடைய விரல் கோடுகளின் மேல் ஓடியது. ‘ஸ்டெல்லா’வின் கோடு பாறையை நோக்கி வளைந்து வளைந்து இழுபட்டுப் போயிருந்தது. பச்சைக் கோடு வேறு கதை சொன்னது. அந்தப் படகு கற்பிட்டித் துறையின் வாய்வரைக்கும் வந்திருக்கிறது. பிறகு சட்டென்று திரும்பி, நேரே நடுக்கடலுக்குப் போயிருக்கிறது. சிவப்பைத் தொட்டிருக்கிறது. அங்கிருந்து இரண்டு கோடும் ஒன்றாகக் கரைப்பக்கம் வந்தன. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று, நடுவில் மாறாத இடைவெளி.

“கயிறு!” தர்சனின் குரல் உடைந்தது. “கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வாறாங்கள்! அத்தானை இழுத்துக்கொண்டு வாறாங்கள்!”

திரையில் எங்கும் இல்லாத அந்தக் கயிறு நான்கு பேருக்கும் தெரிந்தது.

றீற்றா திரையைத் தொட்டாள். பச்சைப் புள்ளியின் பெயரை எழுத்தெழுத்தாக வாசித்தாள்.

“நூருல் பஹ்ர்... கற்பிட்டிப் போட் போல. எங்கட ஆக்கள்கூட இல்லை. கரைக்கு வந்த மனிசர், இந்தக் காத்துக்குள்ள திரும்பிப் போயிருக்கினம்.” திடீரென்று திரும்பினாள். “நீங்கள் காலமையிலயிருந்து இதைத்தானே கூப்பிட்டுக்கொண்டு இருந்தனீங்கள்? இதில இருக்கிறது ஆர், பிள்ளை?”

ஸும்றா வானொலிக் கருவியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

“வெடியத்துலருந்து அந்த போட்டும் பேசல்ல அக்கா. மேப்லயும் காணல்ல. முங்கிட்டுதுன்னு நெனச்சேன்.” சால்வை நுனியால் கண்ணைத் துடைத்தாள்.

“அதுல இரிக்கிறது என்ட புருசன்.”